எடை சரி, இடுப்பு?

போன வருஷம் ஆபீஸ்ல வழக்கமான ஹெல்த் செக்கப். உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ, பிஎம்ஐ 22.8. பக்கத்திலேயே பச்சை நிறத்தில் 'நார்மல்' என்று போட்டிருந்தார்கள். சந்தோஷமா பக்கத்தைத் திருப்பினால், ஹெச்பிஏ1சி 6.1 என்று சிவப்பில் இருக்கு. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று சொல்கிற டெஸ்ட் அது. 5.7க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒல்லியாத்தானே இருக்கீங்க, உங்களுக்கு எப்படி?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனா என் அப்பாவும் ஒல்லிதான். அவருக்கு 48 வயசில் சர்க்கரை வந்தது. எனக்கு இப்போ 44.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இரண்டு மாசம் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது. நான் டாக்டர் கிடையாது, கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டாம்.

ஒரே பிஎம்ஐ, இரண்டு உடம்பு

2004இல் லான்செட் இதழில் ஒரு குட்டிக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர்: புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற போட்டோ ஒன்று அதில் உண்டு. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர். யாஜ்னிக்கின் முக்கிய உடற்பயிற்சி, காலையில் லிஃப்ட் கதவு மூடுறதுக்குள்ள ஓடிப்போய் ஏறுவது. இதைக் கட்டுரையிலேயே கிண்டலா ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வித்தியாசம் ஓட்டத்தால் மட்டும் வந்ததில்லை. இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவாகவும், அந்த எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் அதிகமாகவும் பிறக்கின்றன என்பதை யாஜ்னிக்கின் குழு காட்டியிருக்கிறது. நம்ம ஊரில் கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருக்கிற ஆட்களை எங்கும் பார்க்கலாம். அதில் நானும் ஒருத்தன். இதனால்தான் ஐரோப்பியர்களுக்கு 25இல் ஆரம்பிக்கிற 'அதிக எடை', இந்தியர்களுக்கு 23இல் ஆரம்பிக்கிறது. என்னுடைய 22.8 அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றுகொண்டு எனக்குப் பச்சைக்கொடி காட்டியிருக்கு.

கொழுப்பு எங்கே போகுது?

தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேமிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. சிலருக்கு அது பெரிய குடோன், சிலருக்குச் சின்ன பரண். அது நிரம்பிவிட்டால் மிச்சக் கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் போய் உட்காருது. கல்லீரலில் கொழுப்பு ஏறினால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்காது. ராத்திரி நாம் தூங்கும்போது தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தாலும் சர்க்கரை ஏன் அதிகமா இருக்கு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் இதைத்தான் தனிநபர் கொழுப்பு எல்லை என்கிறார். ஒருவருக்கு அந்த எல்லை 100 கிலோவில் இருக்கலாம், எனக்கு 64 கிலோவில் இருக்கலாம். பிஎம்ஐ அதிகம் இல்லாத, ஆனால் சர்க்கரை நோய் வந்துவிட்ட 20 பேரை அவர் குழு எடை குறைக்க வைத்துப் பார்த்தது. சராசரியாகப் பத்து சதவீதம் சொச்சம் குறைத்ததில் 14 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. சின்ன ஆய்வுதான். ஆனா 'ஒல்லியா இருக்கிறவன் எடையைக் குறைச்சு என்ன ஆகப்போகுது' என்ற என் நினைப்பை அது உடைச்சது.

இந்த உள்கொழுப்பை எடை மிஷின் பார்க்காது. இஞ்ச் டேப் ஓரளவு பார்க்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமா விட்ட பிறகு அளக்கணும். வயிற்றை எக்கக் கூடாது! இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. இன்னும் எளிய கணக்கு: இடுப்பு, உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எனக்குப் பாதி 85. இருந்தது 94.

'நாப்பதுக்கு மேல மெட்டபாலிசம் குறைஞ்சிடும்'

இதை நானே பலரிடம் சொல்லியிருக்கேன். 2021இல் ஹெர்மன் பான்ட்ஸர் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயதுக்காரர் வரை, 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரின் தினசரி கலோரிச் செலவைப் பார்த்தது. உடம்பின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயசிலிருந்து 60 வரை அந்தச் செலவு அநேகமாகச் சமமாகவே இருக்கு. அறுபதுக்கு மேல்தான் மெல்ல இறங்குது.

அப்போ நாற்பதில் என்னதான் மாறுது? தசை குறையுது. முப்பதுக்கு மேல், உடம்புக்கு வேலை கொடுக்காவிட்டால், பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை போகும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த இடத்தில் அதே எடைக்குக் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் மிஷினில் முள் அசையாது. காலேஜில் 64 கிலோ, இப்போ 66 கிலோ, 'அப்படியே மெயின்டெயின் பண்றேன்' என்று பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன். உள்ளே சரக்கு மாறியிருக்கு.

தசை போனால் நஷ்டம் கையில் பலம் குறைவது மட்டும் இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் கொண்டுபோய் வைக்கிற இடம் தசைதான். இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. தசை சுருங்கி விரியும்போது, சர்க்கரையை உள்ளே விடும் கதவுகள் இன்சுலின் இல்லாமலே திறக்கும். இன்சுலின் சரியா வேலை செய்யாதவனுக்கு இது பின்வாசல் வழி. சாப்பிட்டுவிட்டு நடக்கச் சொல்வதற்கு அர்த்தம் இதுதான்.

எடை குறையாமலே பலன் உண்டா?

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு நம்ம சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டது. முடிவு 2006இல் வெளியானது. வழக்கம்போல விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பாதிக்கு மேல்! சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாற்றச் சொல்லப்பட்ட குழுவில் அது 39 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குழுவில் எடை பெரிசா குறையவே இல்லை. ஆனாலும் நோய் குறைந்தது.

இதைப் படித்தபோது இரண்டு உணர்ச்சி. 55 என்ற எண் வயிற்றைக் கலக்கியது. இன்னொரு பக்கம், அந்த மாற்றங்கள் எல்லாம் நான் செய்யக்கூடியவைதான் என்ற ஆறுதல்.

என் தட்டு

ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டேன். காலையில் நாலு இட்லி, சாம்பார்: புரதம் சுமார் 10 கிராம். மதியம் மூணு கரண்டி சோறு, சாம்பார், ரசம், பொரியல், தயிர்: 18. ராத்திரி மூணு தோசை: 10. காபிப் பால் எல்லாம் சேர்த்து ஒரு 5. மொத்தம் 43. ஐசிஎம்ஆர் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது எனக்கு 55. மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டும் பற்றாக்குறை. தட்டில் இருந்தது முக்கால்வாசி மாவுச்சத்து.

மாற்றியது இவ்வளவுதான். மதியச் சோறு மூணு கரண்டியிலிருந்து ஒன்றரை. காலியான இடத்தில் பொரியலும் கூட்டும் இரண்டு மடங்கு. காலையில் இரண்டு முட்டை, இட்லி இரண்டு. சாயங்காலம் பிஸ்கட் போய் சுண்டல் வந்தது. காய்ந்த கடலை 50 கிராம் ஊறவைத்தால் பத்து கிராம் புரதம் கிடைக்கும், செலவும் அதிகமில்லை. காபியில் சர்க்கரை இல்லை. முதல் இரண்டு வாரம் கசந்தது, இப்போ சர்க்கரை போட்ட காபி பாயசம் மாதிரி இருக்கு. கேழ்வரகு, தினை என்று மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: அதுவும் மாவுச்சத்துதான். அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் பெரிய பலன் இருக்காது.

நடை, மதியமும் இரவும் சாப்பிட்டதும் 15 நிமிஷம். வாரத்தில் மூணு நாள் அரை மணி நேரம் தசைக்கு: நாற்காலியில் உட்கார்ந்து எழும் மாதிரி ஸ்குவாட், சுவரில் கைவைத்து ஆரம்பித்த புஷ்-அப், இரண்டு டம்பெல். ஜிம்முக்கு இதுவரை போகவில்லை. முதல் வாரம் பத்து ஸ்குவாட்டுக்கே மாடிப்படி இறங்க முடியல.

இடையில் தீபாவளி வந்தது, ஒரு பிராஜெக்ட் டெட்லைன் வந்தது. இரண்டு முறை மூணு வாரம் அப்படியே விட்டுட்டேன். திரும்ப ஆரம்பித்தேன். அது பரவாயில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்பது மாசம் கழித்து: எடை 64, இரண்டு கிலோதான் குறைவு. இடுப்பு 94லிருந்து 88. ஹெச்பிஏ1சி 5.8. இன்னும் கோட்டுக்கு வெளியே வரல. ஒரு ஆளின் கதை ஆய்வு ஆகாது என்பதும் தெரியும். ஆனா 48க்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு.

உங்க வீட்டில் தையல் டப்பாவில் ஒரு இஞ்ச் டேப் இருக்கும். இதைப் படிச்சதும் எடுத்து ஒரு தடவை அளந்து பாருங்க. பாதி உயரத்துக்கு மேல இருந்தா, அடுத்து ரத்தப் பரிசோதனைக்குப் போங்க, எடை மிஷின் பச்சை காட்டினாலும்.