தீனி எடுக்காத முயலைக் கவனிக்கும் முறை

குறைந்த இடத்தில், குறைந்த முதலீட்டில் தொடங்கக் கூடிய துணைத் தொழில் முயல் வளர்ப்பு. நீலகிரி, கொடைக்கானல் மலைப் பகுதிகளில் மட்டுமன்றிச் சமவெளி மாவட்டங்களிலும் சிறு விவசாயிகள் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை போன்ற இனங்களை வளர்த்து வருகின்றனர். பிள்ளைகளின் ஆசைக்காக ஒன்றிரண்டு முயல்களை வளர்க்கும் வீடுகளும் உண்டு. இவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று: தீனியை ஒதுக்கிய முயலை 'நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்' என்று விடக் கூடாது. 12 மணி நேரம் எதையும் தின்னாத முயலை அவசர சிகிச்சை தேவைப்படும் முயலாகவே கருத வேண்டும்.

முயல் பெரும்பாலும் அந்தி நேரத்திலும் இரவிலும் தின்னும். எனவே மாலையில் வைத்த தீனி காலையில் அப்படியே இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும்போதே அந்த 12 மணி நேரம் கழிந்துவிட்டது என்று பொருள்.

தாமதம் ஏன் ஆபத்து?

மாடோ ஆடோ ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் தாங்கும். முயலின் உடலமைப்பு வேறு. அதன் குடல் ஓயாது அசைந்து கொண்டே இருக்க வேண்டும். நார்ச்சத்துள்ள தீனி தொடர்ந்து உள்ளே போனால்தான் அந்த அசைவு நடக்கும். தீனி நின்றால் குடல் அசைவு மந்தமாகிறது. உள்ளே இருப்பது நீர் வற்றி இறுகுகிறது. குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குறைந்து, தீமை செய்பவை பெருகுகின்றன. வாயு சேர்ந்து வயிறு வலிக்கிறது. வலியால் முயல் மேலும் தின்ன மறுக்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

பட்டினி கிடக்கும்போது உடலில் உள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் படிகிறது. கொழுத்த முயல்களும் சினை முயல்களும் இதனால் இரண்டொரு நாளில் இறந்துவிடக் கூடும்.

புழுக்கையைப் பாருங்கள்

தினமும் காலையில் தீனித் தொட்டியைப் பார்ப்பது போலவே கூண்டின் அடியில் விழும் புழுக்கையையும் பார்ப்பது நல்லது. நலமான முயலின் புழுக்கை உருண்டையாக, ஒரே அளவாக, உலர்ந்து, நார் தெரியும்படி இருக்கும். அது சிறுத்தோ, எண்ணிக்கை குறைந்தோ, முடியால் கோத்த மணிகள் போன்றோ இருந்தால் குடல் மந்தமாகிறது என்று அறியலாம். புழுக்கையே இல்லையென்றால் நிலைமை முற்றிவிட்டது.

திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான இன்னொரு வகைப் புழுக்கையும் முயலுக்கு உண்டு. இதை ஆசனவாயிலிருந்து நேரடியாக எடுத்து முயலே தின்றுவிடும். இது நோயல்ல, பி வைட்டமின்களையும் புரதத்தையும் முயல் இப்படித்தான் பெறுகிறது. இது தின்னப்படாமல் கூண்டில் கிடந்தால் அடர்தீவனம் மிகுந்துவிட்டது, அல்லது முயலுக்கு எங்கோ வலி இருக்கிறது என்று பொருள்.

மூலையில் குறுகி உட்கார்ந்திருப்பது, கண்ணைப் பாதி மூடியிருப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது ஆகியவையும் வலியின் அடையாளங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

நோயுற்ற முயலைத் தனிக் கூண்டில், நாய், பூனை நடமாட்டம் இல்லாத அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். தூக்கும்போது காதைப் பிடிக்கக் கூடாது. தோள் பக்கத்துத் தளர்ந்த தோலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பின்பாகத்தைத் தாங்க வேண்டும். உதறித் துள்ளும் முயலுக்கு முதுகெலும்பு முறிந்துவிடும்.

அடுத்து வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பறை போல விம்மி இறுகியிருந்தால் எதையும் புகட்டக் கூடாது; நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். குடலில் அடைப்பு இருக்கலாம்.

முயலின் இயல்பான உடல் வெப்பநிலை 101.3 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை. 100 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாயம். காது சில்லிட்டிருந்தால் வைக்கோல் அல்லது சாக்குப் படுக்கை அமைத்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். கோடையில் காது சூடாகி, மூச்சு இரைத்தால் நிழலுக்கு மாற்றி, ஈரத் துணியால் காதுகளைத் துடைக்க வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது.

அடர்தீவனத்தை எடுத்துவிட்டு, நல்ல உலர்ந்த புல்லையும், அருகம்புல், கொத்தமல்லித் தழை, புதினா போன்ற வாசனையுள்ள தழைகளையும் வைத்துப் பார்க்கலாம். தழையில் நீர் சொட்டக் கூடாது. சொட்டுக் குழாயில் தண்ணீர் கொடுப்போர் முதலில் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தண்ணீர் கிடைக்காத முயல் தீனியையும் நிறுத்திவிடும். நோயுற்ற முயலுக்குக் கிண்ணத்திலும் தண்ணீர் வைக்க வேண்டும். நடக்கக் கூடிய முயலைச் சிறிது நேரம் தரையில் உலவ விட்டால் குடல் அசைவுக்கு உதவும்.

கையால் ஊட்டுதல்

வயிறு விம்மாமல், முயல் விழுங்கும் நிலையில் இருந்து, மருத்துவரிடம் கொண்டு செல்ல நேரமாகும் என்றால் கையால் ஊட்டலாம். உலர்ந்த குதிரைமசால் அல்லது புல்லை நன்றாகப் பொடித்துச் சலித்து, அதே அளவு முயல் குச்சித் தீவனத்துடன் வெந்நீரில் ஊற வைத்து, கூழாகப் பிசைந்து ஆற விட வேண்டும். ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, முன் பற்களுக்குப் பின்னால் உள்ள பல்லில்லா இடைவெளியில், வாயின் பக்கவாட்டில் 1 மில்லி அளவாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 10 மில்லி வீதம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை போதும். முயலை மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும்.

அரிசிக் கஞ்சி, பால், சர்க்கரைத் தண்ணீர், ரொட்டி ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. மாவுப் பொருள் குடலில் புளித்து வாயுவை அதிகமாக்கும்.

காரணம் என்ன?

தீனி எடுக்காமை தனி நோயல்ல; வேறொன்றின் அறிகுறி. காரணத்தைப் போக்காமல் முயல் தேறாது.

பல்: முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. முன் பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லி மீட்டர் வளரும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால் தேயாமல் வளைந்து நீண்டு, தின்ன முடியாமல் போகும். கடைவாய்ப் பல்லில் கூர்முனை இருந்தால் எச்சில் வழிந்து தாடை நனைந்திருக்கும். வீட்டுக் கத்தரியால் வெட்டினால் பல் பிளந்துவிடும் என்பதால் மருத்துவரே சரிசெய்ய வேண்டும். இந்தக் குறை பரம்பரையாக வரக் கூடியது. இத்தகைய முயலை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

சொறி: காது, மூக்கு, வாய் ஓரம், கால் விரல்களில் வெள்ளைப் பொருக்கு தோன்றினால் அது உண்ணி வகைப் பூச்சிகளால் வரும் சொறி நோய். அரிப்பிலும் புண்ணிலும் முயல் தீனியை விட்டுவிடும். மற்ற முயல்களுக்கும் வேகமாகப் பரவும். தொடுபவருக்கும் அரிப்பு வரலாம் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கழிச்சல்: தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் வயிறு பெருத்து, மெலிந்து, கழிந்தால் காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். புழுக்கைப் பரிசோதனையில் இது தெரியும். உரிய மருந்து உண்டு.

வெயில்: வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முயல் தீனியைக் குறைக்கும். 35 டிகிரிக்கு மேல் உயிருக்கே ஆபத்து.

தீனி: பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம், திடீரென்று மாற்றிய தீவனம், ஈரத்தோடு வைத்த முட்டைக்கோசு இலை ஆகியவை வயிற்றைக் கெடுக்கும். வீட்டு முயலுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் பிஸ்கட்டும் இதில் சேரும்.

ஆட்டு மருந்து ஆகாது

ஆட்டுக்கு வாங்கி மீந்த மருந்தை முயலுக்குக் கொடுப்பது நோயை விடப் பெரிய ஆபத்து. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி, கழிச்சல் கண்டு முயல் இறந்துவிடும். லிங்கோமைசின், கிளிண்டாமைசின் மருந்துகளும் அப்படியே. நாய்க்குத் தெளிக்கும் பிப்ரோனில் உண்ணி மருந்தை முயல் மேல் படவே விடக் கூடாது. இறைச்சிக்கு வளர்ப்போர், மருந்து கொடுத்த முயலை எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

தாய் முயலும் குட்டிகளும்

முயலின் சினைக்காலம் 28 முதல் 32 நாள். கடைசி வாரத்தில் கொழுத்த தாய் முயல் தீனியை ஒதுக்கினால் சற்றும் காத்திருக்கக் கூடாது. ஈன்ற முயல் தீனி எடுக்காவிட்டால் பால் வற்றி, குட்டிகளும் போய்விடும். தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். எனவே பால் இறங்காததை வளர்ப்போர் எளிதில் கவனிப்பதில்லை. குட்டிகளின் வயிறு நிறைந்து உருண்டிருந்தால் பால் குடித்திருக்கின்றன. தோல் சுருங்கி ஒட்டியிருந்தால் குடிக்கவில்லை. அப்போது இரண்டு மூன்று நாள் முன்பின்னாக ஈன்ற வேறு தாயிடம் குட்டிகளைச் சேர்க்கலாம். அந்தத் தாயிடம் மொத்தம் எட்டுக் குட்டிகளுக்கு மேல் விடுவது நல்லதல்ல.

வருமுன் காக்க

தினமும் உலர்ந்த புல் தாராளமாகக் கிடைக்க வேண்டும். முயல்மசால், குதிரைமசால், வேலிமசால் போன்ற தழைகளை ஈரமின்றி வாடவிட்டுக் கொடுக்கலாம். புதுத் தீவனத்துக்கு மாற்றும்போது 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். கோடையில் அதிகாலையிலும் மாலையிலும் தீனி வைத்தால் வீணாகாது. கூண்டுக்கு அடியில் சேரும் கழிவை அடிக்கடி அகற்ற வேண்டும். புதிதாக வாங்கிய முயலை இரண்டு வாரம் தனியே வைத்திருந்து பிறகு சேர்ப்பது நலம்.

கூண்டுக்கு ஓர் அட்டை கட்டி, தின்ற தீனி, புழுக்கை, சினைப்படுத்திய நாள் ஆகியவற்றைக் குறித்து வந்தால் மாற்றம் முதல் நாளே கண்ணில் படும். மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டையையும் அன்றைய புழுக்கையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். காரணத்தைக் கண்டறிய அவை பெரிதும் உதவும்.