உள்ளங்கையில் ஒரு சாட்சி

நொச்சிக்குப்பம் கடற்கரையில் நின்று உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். நொடிக்கு ஒன்றோ இரண்டோ மியூவான் துகள்கள் அதனை ஊடுருவிச் செல்கின்றன. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்களோடு மோதுவதால் பிறப்பவை இவை.

மியூவானின் சராசரி ஆயுள், ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் 2.2 கூறு மட்டுமே. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். வழியிலேயே மடிய வேண்டிய துகள் கரைவரை வருவது எங்ஙனம்?

விரைந்து செல்லும் பொருளின் காலம், நின்று நோக்கும் நமக்கு மெதுவாக நகரும் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கூறினார். ஒளியின் வேகத்தில் 99.9 விழுக்காட்டை எட்டிய மியூவானின் ஆயுள், நம் கணக்கில் 22 மடங்காக நீள்கிறது. 660 மீட்டர், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஆகிறது. மியூவானின் நோக்கிலோ ஆயுள் நீளவில்லை. கடக்க வேண்டிய தொலைவே 22-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இரு கணக்கும் ஒரே முடிவையே தருகின்றன.

உதகமண்டலத்திலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இத்துகள்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று அவற்றின் எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டே, தலைக்குமேல் நின்ற இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என அறிஞர்கள் கணித்தனர்.

காலம் எல்லோருக்கும் ஒரே சீராக ஓடுவதில்லை. அதற்கு உங்கள் உள்ளங்கையே சாட்சி!