விழிக்கண் குழுவில் உட்காருவது

"அரசாங்கம் போடுற கமிட்டியில நமக்கென்ன வேலை?" என்று தோழர்கள் கேட்பதை விதண்டாவாதமாகத் தள்ளிவிட முடியாது. 1999 ஜூலையில் தாமிரபரணியில் 17 பேர் செத்ததை விசாரித்த மோகன் ஆணையம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். 1997-இல் தமிழ்நாட்டில் மாநில மனித உரிமை ஆணையம் வந்தது. அதன் தலைமை ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்கானது. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் அது விசாரிக்காது. அங்கே நமக்கு நாற்காலியும் இல்லை.

நாற்காலி இருப்பது வேறிடத்தில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 17-ஆவது விதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்பு, கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், எஸ்.பி., தலித் - பழங்குடி அதிகாரிகள் இவர்களோடு, அரசு சாராத தலித் - பழங்குடி உறுப்பினர்கள் 5 பேர் வரை. தொண்டு நிறுவனத் தொடர்புள்ள மற்றவர்கள் 3 பேர் வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். சம்பளப் பதவி அல்ல. இங்கே கிராம்சியை இழுத்து வரலாம். அதற்கு முன்னால் விதியை ஒருதரம் படித்துவிடுவது நல்லது.

இந்தக் குழு யாரையும் கைது செய்யாது, தீர்ப்பும் சொல்லாது. அதனால்தான் பலர் இதை டீ, பிஸ்கட் கூட்டம் என்கிறார்கள். பல கூட்டங்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் அரசு காகிதத்தால் ஆன எந்திரம். ஊரில் "சமாதானமாப் போயிட்டாங்க" என்று பேச்சோடு புதைந்துபோகும் வழக்கு, அந்த மேசையில் எண்ணாக மாறி எஸ்.பி.யைப் பதில் சொல்ல வைக்கிறது. எஃப்.ஐ.ஆர். எத்தனை? 60 நாள் தாண்டியும் குற்றப்பத்திரிகை போகாதவை எத்தனை? பொய்ப்புகார் என்று மூடியவை எத்தனை?

நிவாரணத்தை எடுத்துக்கொள்வோம். பல குற்றங்களுக்கு அது தவணையாக வருகிறது: எஃப்.ஐ.ஆர். போட்டதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை போனதும் ஒரு பங்கு, தண்டனை வந்தால் மீதி. ஆக, குற்றப்பத்திரிகை நின்றால் பணமும் நிற்கும். பணம் நின்ற வீட்டுக்குத்தான் சமாதானம் பேச ஆள் வருவான். சாட்சிக்குப் பஸ் காசும் படியும் தர வேண்டுமென்று 11-ஆவது விதி சொல்கிறது. அது கிடைக்காதவன் கூலியை விட்டுவிட்டு எத்தனை வாய்தாவுக்கு நடப்பான்? வழக்கு தோற்பது நீதிமன்றத்தில் அல்ல, இந்த இடைவெளிகளில். குழுவின் வேலையும் இங்கேதான்.

வாச்சாத்தியில் 1992-இல் நடந்ததை அதிகாரிகள் மறுத்தபோது, மலைவாழ் மக்களும் இயக்கத்தாரும் விடாமல் நின்றார்கள். தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அறிக்கை, அவர்கள் சொன்னதை அரசு மறுக்க முடியாத காகிதமாக்கியது. 2011-இல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். போராட்டம் இல்லாமல் அந்த அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாமல் வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகம்.

ஆபத்தும் உண்டு. லெட்டர்பேடில் 'உறுப்பினர்' என்று அச்சடித்ததும் சிலர் போலீஸ் ஸ்டேஷன் தரகர்களாகிவிடுகிறார்கள். இன்னொன்று, அந்த 3 இடம். தலித் அல்லாத முற்போக்காளர் அங்கே போய் தலித்துகளுக்காகப் பேச வேண்டியதில்லை. பேசத் தெரிந்த 5 பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் எஸ்.பி.யை நேருக்கு நேர் கேட்டுவிட்டு, அதே ஸ்டேஷன் எல்லைக்குள் சாயங்காலம் வீடு திரும்புகிறவருக்கு அந்தக் கேள்வியின் விலை வேறு. அந்த விலையில் பங்கு போட்டுக்கொள்ளத்தான் மற்ற மூவர்.

போகிறவர்கள் வாயால் மட்டும் கேட்டால் அது காற்றோடு போய்விடும். கேள்விகளை எழுதிக் கையெழுத்திட்டு முன்கூட்டியே கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். மினிட்ஸில் தங்கள் கேள்வி விடுபட்டால் மறுப்பை எழுத்தில் அனுப்ப வேண்டும். மினிட்ஸே தரவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மூன்று மாதமாகியும் கூட்டமே போடவில்லையா? முதல் கேள்வி அதுதான், ஆட்சியருக்கு.