உடனே படம் தரும் எளிய காமிரா

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 3 வயதுச் சிறுமி ஒருத்தி, எடுத்த படத்தை உடனே பார்க்க ஏன் முடியாது என்று தந்தையைக் கேட்டாள். தந்தை எட்வின் லாண்ட் அக்கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. 1948இல் அவரது போலராய்டு உடனடிக் காமிரா விற்பனைக்கு வந்தது.

இதற்கு விலையுயர்ந்த காமிராதான் வேண்டுமா? இல்லை. 1982இல் ஹாங்காங்கில் வெளிவந்த மலிவுக் காமிராவான ஹோல்காவின் லென்சும் பிளாஸ்டிக்கே. அதன் பின்மூடியைக் கழற்றி, பழைய இன்ஸ்டாக்ஸ் மினி காமிராவின் பிலிம் அறையையும் உருளைகளையும் பொருத்தினால், அதுவும் உடனடிப் படம் தரும்.

உருளைகள் எதற்கு? ஒவ்வொரு பிலிம் தாளின் ஓரத்திலும் இரசாயனக் குழம்பு அடங்கிய சிறு பை உண்டு. இரு உருளைகளுக்கிடையே தாள் வெளிவரும்போது பை உடைந்து, குழம்பு சீராகப் பரவிப் படத்தைத் தோற்றுவிக்கிறது.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தூரம். புதிய அறையில் பிலிம் சற்றுப் பின்னே அமைவதால், தொலைவிலுள்ளவை மங்கும். ஆகவே லென்சையும் அதே அளவு உள்ளே தள்ள வேண்டும். பிலிம் இருக்குமிடத்தில் டிரேசிங் தாளை ஒட்டி ஷட்டரைத் திறந்துவைத்தால், பிம்பம் தெளிவாக விழுகிறதா என்று காணலாம். இடுக்குகளைக் கறுப்பு நாடாவால் அடைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பாட்டரியை நீக்கிய பின்பும் பிளாஷின் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருந்து கடுமையாகத் தாக்கக்கூடும். விவரமறிந்த பெரியவர் துணையின்றித் திறக்கலாகாது.

ஒரு பெட்டியில் 10 தாள்களே, நெகடிவும் இல்லை. தவறினால் அத்தாள் வீண். ஆதலால் தோழியரே, முதலில் அளப்போம், பிறகே அறுப்போம். கேள்வி கேட்கவும் கூசாதிருப்போம். ஒரு சிறுமியின் கேள்வியன்றோ இத்தனைக்கும் வித்து!