வீட்டோரம் ஒரு மரப்பட்டறை



காலையில் பால்மரம் சீவிவிட்டோ, செம்பனைக் குலை அறுத்துவிட்டோ வீடு திரும்பும் தகப்பனார், மாலையில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பழுது பார்ப்பார். மகன் தச்சு வேலை பழகுவான். இத்தகைய குடும்பங்கள் தோட்டப்புறங்களில் பல உண்டு. ஆனால் வேலை செய்ய இடம் எங்கே? வாசல் தாழ்வாரந்தான். மழை வந்தால் சாமான்கள் நனையும். உளியும் வாளும் துருப்பிடிக்கும். ஒரு சிறு மரப்பட்டறை இருந்தால் அந்தத் தொழில் வளரும். அதைக் கட்டுவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். தோட்ட வீடு வேலையோடு வருவது. வேலை ஓய்ந்தால் அதை விட்டுச் செல்ல வேண்டியிருக்கும். ஆகவே பட்டறையைக் கழற்றி எடுத்துச் செல்லும்படி கட்டுங்கள். கனமான சட்டங்களை ஆணியால் அடிக்காமல் அரை அங்குல போல்ட்டு போட்டு முடுக்குங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் சாயத்தால் எண் எழுதி வையுங்கள். பிற்காலத்தில் சொந்த வீட்டுக்குப் போகும்போது, தரையையும் அடித்தளத்தையும் தவிர மற்றவை உங்களுடன் வரும்.

கட்டுவதற்கு அனுமதி தேவை. தோட்ட நிலமானால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்; கிடைத்த கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். சொந்த நிலமானால் ஊராட்சி மன்றத்தில் விசாரியுங்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அனுமதியின்றி எழுப்பும் கட்டடத்துக்கு அபராதம் விதிக்கிறது. இடிக்கவும் வழி செய்கிறது.

இனி, நம் நாட்டில் மரக்கட்டடத்தைக் கெடுப்பவை எவை? பாரம் அல்ல, நீரும் கறையானுமே. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அங்குல மழை பெய்கிறது. ஈர மண்ணைத் தொட்டு நிற்கும் தூண் அடியில் உளுத்துப்போகும். கறையானும் அவ்வழியே ஏறும். காலை ஈரத்திலிருந்து தூக்கி வைத்து, தலைக்கு அகலமான குடை பிடித்தால் மரம் நெடுங்காலம் நிற்கும். பட்டறை கட்டும் கலை முழுவதும் இதற்குள் அடங்கும்.

அளவு 9 அடி அகலம், 12 அடி நீளம் இருக்கட்டும். ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு வேலை மேசையும் தாராளமாகக் கொள்ளும். இந்த அளவில் இன்னொரு வசதியும் உண்டு. நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டியபின், குறுக்கே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சரியாக 15 அடி வந்தால் மூலைகள் நேராக உள்ளன என்று பொருள். வராவிட்டால் முளையை நகர்த்துங்கள். மேட்டு நிலமாகப் பார்த்து, சமையலறையை விட்டுத் தள்ளி இடம் தேர்ந்தெடுங்கள்.

நீளவாட்டில் பக்கத்துக்கு மூன்றாக, 6 அடிக்கு ஒன்று வீதம் ஆறு தூண்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிச் சதுரத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டுங்கள். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல்லுச் சல்லி கலந்து நிரப்புங்கள். அதன்மேல் நிலத்துக்கு 9 அங்குலம் உயரமாகச் சிமெண்டுக் கட்டை எழுப்பி, ஈரமாய் இருக்கும்போதே இரண்டு இரும்புப் பட்டைகளை அதில் ஊன்றி விடுங்கள். ஏழு நாள் சாக்குப் போட்டு நனைத்து வாருங்கள். பின்பு தூணைப் பட்டைகளின் நடுவே நிறுத்தி போல்ட்டு முடுக்குங்கள்.

மரம் எது? தூணுக்குச் செங்கால் மரம் சிறந்தது. விலை அதிகமானாலும் ஆறு தூணுக்கு அந்தச் செலவு தகும். 4 அங்குலச் சதுரம் போதும். சுவருக்கு மெராந்திப் பலகை போடலாம். மறுநடவின்போது சாய்க்கும் ரப்பர் மரம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் ஆசைப்படுவார்கள். மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. பூஞ்சணமும் வண்டும் விரைவில் பிடிக்கும். மேசை, நாற்காலிக்கு ஆலையில் மருந்தேற்றிய பலகையை வாங்குங்கள். தூணுக்கு அது ஆகாது. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கும் உலர்ந்த மரம் நல்லது. ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டைக் கொண்டுவர வேண்டாம். அதை அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கூரை ஒருபக்கச் சாய்வாக இருக்கட்டும். முன்பக்கத் தூண் ஒன்பதரை அடி, பின்பக்கத் தூண் ஏழரை அடி. மழைச்சாரல் வழக்கமாக அடிக்கும் திசை பின்பக்கமாக அமையட்டும். தூண் தலைகளை நீளவாட்டில் உத்திரத்தால் இணைத்து, 3 அடிக்கு ஒரு கைமரம் வையுங்கள். முன்னால் ஒன்றரை அடியும் பின்னால் ஓர் அடியும் இறவாரம் விட்டால், 12 அடி நாகத்தகடு ஒட்டில்லாமல் கூரை முழுவதையும் மூடிவிடும். தகட்டின் மேட்டில் ஆணி அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் நீர் ஒழுகும். மேற்குக் கரையில் விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்று கூரையைத் தூக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கைமரத்தையும் உத்திரத்தோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான செய்தி. நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணியால் சதுரமாக இணைத்துத் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஐந்தாவது குச்சியை அடித்தால் அசையாது. பட்டறையின் ஒவ்வொரு பக்கத்திலும் இப்படி ஒரு குறுக்குச் சட்டம் போட மறவாதீர்கள்.

சுவர்ப் பலகையைக் கீழிருந்து தொடங்குங்கள். மேல் பலகை கீழ்ப் பலகையின்மீது ஓர் அங்குலம் படிய வேண்டும். அப்போது மழைநீர் வெளியே வழியும். தரையை நிலத்துக்கு 4 அங்குலம் உயர்த்திச் சிமெண்டு போட்டு, வாசற்பக்கம் சற்றே சாய்த்து விடுங்கள். தரைக்கும் முதற் பலகைக்கும் இடையே 2 அங்குலமும், கூரைக்குக் கீழே ஓர் அடியும் இடைவெளி விட்டுக் கம்பி வலை அடியுங்கள். மேல் வழியே வெப்பம் போகும். கீழ் வழி எதற்கு? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தேங்கும். வெளியேற வழி இல்லாவிட்டால், ஒரு தீப்பொறி போதும். பெட்ரோலைப் பட்டறையில் சேமித்து வைக்காதீர்கள். கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள்; அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

கறையானுக்குப் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசும் வழக்கம் உண்டு. அது எளிதில் தீப்பற்ற உதவும், தோலுக்குக் கெடுதல், மண்ணில் இறங்கிக் கிணற்றையும் கெடுக்கும். கடையில் விற்கும் மரக்காப்பு மருந்தைப் பூசுங்கள். மாதம் ஒருமுறை சிமெண்டுக் கட்டைகளைச் சுற்றிப் பாருங்கள். மண்கோடு ஏறியிருந்தால் கறையான் வந்துவிட்டது என்று அறிந்து, உடனே அதை அழித்து மருந்திடுங்கள். கட்டை வெளியே தெரிவதால் திருடன் ஒளிய முடியாது. மின்சாரத்தை மட்டும் பதிவு பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். வீட்டு விளக்கிலிருந்து ஒயர் இழுப்பது ஆபத்து.

நேயர்களே, இரண்டு பேர் சேர்ந்தால் சில வார இறுதிகளில் இந்த வேலை முடியும். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அளப்பது, அறுப்பது, மட்டம் பார்ப்பது ஆகிய மூன்றையும் அவர்கள் கையாலேயே பழகட்டும். வீடு மாறினாலும் பட்டறை உடன் வரும். பழகிய கைத்தொழிலோ எந்த ஊருக்குப் போனாலும் சோறு போடும்.