கிளச்சின் பிடி எவ்வளவு இறுக வேண்டும்?

டார்ஜிலிங் செல்லும் நம் அன்பர்களுள் சிலர் மானேபஞ்சன் வரை போய் வருவதுண்டு. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்திற்கு ஏறும் கரடுமுரடான பாதையில், 1950-களில் செய்யப்பட்ட லாண்ட் ரோவர் வண்டிகள் பல பத்தாண்டுகள் பயணிகளைச் சுமந்திருக்கின்றன. அவற்றுட் பலவற்றில் பழைய பெட்ரோல் இயந்திரத்தை நீக்கி, மஹிந்திரா டீசல் இயந்திரத்தைப் பொருத்தினார்கள்.

இப்போது நம் இல்லத்து இளைஞர்களும் ஜீப்பு வாங்கி, இயந்திரத்தை மாற்றிப் பெரிய டயர்களைப் பூட்டுகிறார்கள். இவ்விரண்டும் கிளச்சின் சுமையைக் கூட்டுகின்றன. செங்குத்தான ஏற்றத்தில் கிளச்சு வழுக்கினால் இயந்திரம் இரையும், வண்டி நகராது. பின்னே பள்ளம் இருக்கையில் இது விளையாட்டன்று.

கிளச்சின் வேலை எளியது. இயந்திரத்தோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே உராய்வுத் தட்டு ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கின் விசை அதனை இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கு விசை, உராய்வுத் தன்மை, தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்கள் இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால், அது தாங்கும் முறுக்கு விசை கிடைக்கும்.

உதாரணமாக, இறுக்கு விசை 400 கிலோ, உராய்வு 0.3, ஆரம் 9 செ.மீ. என்று கொள்வோம். அக்கிளச்சு தாங்குவது 21.6 கிலோகிராம்-மீட்டர். 2010-இல் வெளிவந்த தார் ஜீப்பின் டீசல் இயந்திரமோ 247 நியூட்டன்-மீட்டர், அதாவது சுமார் 25 கிலோகிராம்-மீட்டர் தருவது. அதைத் தாங்கி, மேலும் கால் பங்கு கையிருப்பாக வேண்டுமெனில் இறுக்கு விசை ஏறக்குறைய 580 கிலோ ஆக வேண்டும். சராசரி ஆரம் 10 செ.மீ. உள்ள பெரிய தட்டைப் போட்டாலோ 520 கிலோவே போதும். ஆகவே, இடமிருந்தால் தட்டைப் பெரிதாக்குவதே முதல் வழி.

இரண்டாவது வழி, வலுவான ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட்டைப் பொருத்துவது. சுருள் ஸ்பிரிங்குகளைக் கொண்ட பழைய வகையில், தட்டுத் தேயத் தேயப் பிடி தளர்ந்துவிடும். டயாபிரம் ஸ்பிரிங்கு வகையில் தட்டுத் தேய்ந்தாலும் பிடி பெரும்பாலும் குறைவதில்லை. பெடலும் இலகுவாக இருக்கும்.

மூன்றாவது, உராய்வு மிகுந்த உலோகக் கலவைத் தட்டு. இறுக்கு விசையைக் கூட்டாமலே இது பிடியைக் கூட்டும். ஆயினும் வெடுக்கெனப் பற்றுவதால், பாறைமேல் ஊர்ந்து செல்வோருக்கு ஏற்றதன்று.

பிடி கூடக்கூட நல்லது என்று எண்ணலாகாது. பெடல் கனத்து, நெரிசலான சாலையில் கால் சோர்ந்துவிடும். ரிலீஸ் பேரிங் விரைவில் தேயும். பெடலை மிதிக்குந்தோறும் கிராங்க்ஷாஃப்டின் பக்கவாட்டு வில்லைகள் அந்த விசையைத் தாங்க வேண்டும். மேலும், அளவுக்கு மிஞ்சிய அதிர்ச்சியில் கிளச்சு சற்றே வழுக்குவது பல்சக்கரங்களுக்கும் அச்சுகளுக்கும் ஒரு பாதுகாப்பு. வழுக்கவே வழுக்காத கிளச்சானால், உடைவது அவையே.

பணம் செலவழிக்குமுன் மூன்றைச் சோதித்தல் நலம். பெடலில் சிறிதேனும் தளர்வு இருக்கிறதா? பின்பக்க எண்ணெய்ச் சீல் கசிந்து தட்டை நனைத்திருக்கிறதா? தட்டு தேய்ந்துவிட்டதா? இவற்றுள் ஒன்று காரணமானால், வலுவான ஸ்பிரிங்கு நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. ஏற்றங்களில் தாழ்ந்த விகிதக் கியரைப் பயன்படுத்தினாலே கிளச்சின் சுமை வெகுவாகக் குறைந்துவிடும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆதலின் இயந்திரத்தை மாற்ற விரும்புவோர் முதலில் பதிவு அலுவலகத்தில் விசாரித்தறிக. அதன்பின், இயந்திரத்தின் முறுக்கு விசையைக் கேட்டறிந்து, கணக்குப் போட்டு, தேவையான அளவுக்கு மட்டும் கிளச்சின் பிடியைக் கூட்டுக.