அடிபட்ட பெண்ணைத் தேடி உதவி வர வேண்டும்

பினாங்குத் தீவில் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது பாலிக் புலாவ். டுரியான் தோப்பும் ஜாதிக்காய்த் தோட்டமும் நிறைந்த ஊர். ஜார்ஜ் டவுனுக்குப் போக மலை வளைவுகளில் ஏறி இறங்க வேண்டும், அல்லது பாயான் லெப்பாஸ் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். மாநிலத்தின் பெரிய மருத்துவமனையும் பெண்களுக்கு உதவும் டபிள்யூசிசி மையத்தின் தலைமை அலுவலகமும் ஜார்ஜ் டவுனில்தான் உள்ளன. நள்ளிரவில் கணவனிடம் அடிபட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் பெண்ணுக்கு இந்தத் தூரம் சாதாரணமானதல்ல. குடும்ப வன்முறைச் சட்டமோ அவளைத் தனியாக அங்கு போகச் சொல்லவில்லை. அவளைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை அதிகாரிகளிடம் ஒப்படைத்திருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

சட்டம் எப்படி வந்தது?

1985இல் பெண்கள் அமைப்புகள் சில ஒன்று சேர்ந்து, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பட்டறையும் கண்காட்சியும் நடத்தின. அதே ஆண்டில் பினாங்கில் இந்த டபிள்யூசிசி மையம் பிறந்தது. தொலைபேசியிலும் நேரிலும் கட்டணமின்றி ஆலோசனை சொல்வது, பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக நீதிமன்றம் போவது, பள்ளிகளில் பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என இன்றுவரை அதன் பணி தொடர்கிறது.

இந்த அமைப்புகள் பல ஆண்டுகள் போராடியதன் பலன்தான் 1994இல் நிறைவேறிய குடும்ப வன்முறைச் சட்டம். நிறைவேறிய பிறகும் இரண்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. பெண்கள் மீண்டும் குரல் கொடுத்த பிறகு, 1996இல்தான் அமலுக்கு வந்தது. மலேசியாவில் முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் குடும்பச் சட்டம் வேறு வேறு. அதனால் இந்தச் சட்டத்தைக் குற்றவியல் சட்டத்தோடு இணைத்தார்கள். எந்த மதத்துப் பெண்ணும் இதன் பாதுகாப்பைக் கேட்கலாம்.

புகார் செய்தால் என்ன நடக்கும்?

போலீஸ் அதிகாரியும் சமூக நல அதிகாரியும் செய்தாக வேண்டியவற்றைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. பாதிக்கப்பட்ட பெண் புகார் கொடுக்க உதவ வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனைக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ போக வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். அவளுடைய உரிமைகளை எடுத்துச் சொல்ல வேண்டும். உடைமைகளை எடுக்க வீட்டுக்குத் திரும்பினால் கூடவே போக வேண்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சீருடை, மருந்துச் சீட்டு ஆகியவற்றை விட்டுவிட்டு ஓடிவந்தவளுக்குக் கடைசியாகச் சொன்ன உதவியின் அருமை புரியும்.

2018 ஜனவரி முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்றும் உண்டு. சமூக நல அதிகாரியே இதைப் பிறப்பிக்கலாம். போலீஸ் புகார் முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். ஆணை ஏழு நாள் செல்லும். போலீஸ் விசாரணை நடக்கும்போது மேஜிஸ்திரேட் இடைக்கால ஆணை தரலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபின் 12 மாதம் வரை பாதுகாப்பு ஆணை பெறலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். ஆணையை மீறுபவருக்கு அபராதமோ சிறையோ இரண்டுமோ உண்டு.

மருத்துவமனையில்?

அடிபட்ட பெண் போலீஸுக்கு ஒரு இடம், டாக்டருக்கு ஒரு இடம், நலத்துறைக்கு ஒரு இடம் என அலையாமல் இருக்க, அவசரப் பிரிவிலேயே அனைவரும் அவளிடம் வரும் ஏற்பாட்டை 1990களில் மலேசியா தொடங்கியது. 1996இல் சுகாதார அமைச்சு இதை அரசு மருத்துவமனைகளுக்கு விரிவாக்கியது. ஆனால் இது பெரிய மருத்துவமனையை மனத்தில் வைத்து உருவான முறை. நிபுணர்களும் தனி அறையும் குறைவாக உள்ள சிறிய மாவட்ட மருத்துவமனைகளில் இதே அளவு சேவை கிடைப்பது கடினம்.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

"புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்குவோர் அதிகம். புகார் கொடுத்தால் அவதூறு வழக்கு வருமோ என்ற பயமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவரை அவதூறு வழக்கிலிருந்து சட்டத்தின் 18ஆவது பிரிவு காக்கிறது. சத்தம் கேட்டவர், காயத்தைப் பார்த்தவர், கோயிலில் அழுதவளோடு பேசியவர் என யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உடனடி ஆபத்தென்றால் 999, மற்ற நேரங்களில் அரசின் தாலியான் காசே எண் 15999.

இன்னும் எட்டாதவை

குடும்ப வன்முறைச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், உறவினரைத்தான் கணக்கில் கொள்கிறது. காதலனிடம் அடிபடும் பெண் இதன் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்க முடியாது. 2023இல் பின்தொடர்ந்து தொல்லை தருவது தனிக் குற்றமானது, 2022இல் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டமும் வந்தது. இவை அந்த இடைவெளியில் கொஞ்சத்தை மட்டும் நிரப்புகின்றன. சட்டம் இத்தனை தூரம் வந்தது பெண்கள் விடாமல் கேட்டதால்தான். பாலிக் புலாவில் இன்று தேவைப்படுவது ஒரு எளிய வேலை: இந்தத் தகவல் தோட்டத்து லைன் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போய்ச் சேர வேண்டும். எந்த உதவியை உரிமையோடு கேட்கலாம் என்று அறிந்த பெண்ணை "நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்புவது கடினம்.